கால் நகத்தில் பங்கசு: மருந்துக்கு முன் பரிசோதனை



கடந்த மாதம் எமது வானொலியில் கால் நகங்களில் வரும் பங்கசு நோய் பற்றி இருபது நிமிடம் பேசினேன். நிகழ்ச்சி முடிந்ததும் அழைத்தவர்களில் பலர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. வருமான வரி பற்றி நான் பேசும் நாட்களில் பெயர், ஊர், வேலை செய்யும் இடம் எல்லாம் சொல்லுகிறவர்கள், நகம் என்றதும் "ஒரு நேயர்" ஆகிவிட்டார்கள். காரணம் எனக்கு விளங்குகிறது. கோயில் என்றாலும் ஒருவர் வீடு என்றாலும் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுகிற சனம் நாங்கள். என் வலது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் உதிரத் தொடங்கிய பிறகு, மூன்று வருடம் நான் காலுறையைக் கழற்றாமலே திரிந்தேன். கோயிலுக்குள் காலுறையோடு நின்ற என்னைப் பார்த்து ஒரு பெரியவர் "தம்பிக்குக் குளிரோ?" என்று கேட்டார். அது மெல்பேர்ணில் ஜனவரி மாதம். வெளியில் 38 பாகை வெயில்.

நான் வைத்தியர் அல்லன், கணக்காளன். என் நகத்தோடு பட்ட பாட்டையும், என் குடும்ப வைத்தியர் விளங்கப்படுத்தியதையும், பின்னர் வாசித்து அறிந்ததையும்தான் இங்கு எழுதுகிறேன்.

பாணில் பிடிக்கும் பூஞ்சணத்தின் தூரத்து உறவினர்தான் இந்தப் பங்கசு. கால் நகத்தில் பெரும்பாலும் காணப்படுவது டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்ற இனம். நகம், தோல், முடி ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் இதற்குச் சாப்பாடு. அனேகமாக விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாகத் தொடங்கி, பின்னர் நகத்தின் நுனி வழியாக அடியில் நுழையும். வியர்வையில் ஊறும் சப்பாத்து, நீச்சல் தடாகத்தின் ஈரத் தரை, வயது, நீரிழிவு, காலுக்கு இரத்த ஓட்டம் குறைதல் எல்லாம் இதற்கு வழிவிடும்.

நான் செய்த பிழை இதுதான். மருந்துக்கடையில் நகத்தைக் காட்டினேன். பூசுகிற மருந்து ஒன்றைத் தந்தார்கள். பதினான்கு மாதம் பூசினேன். நடுவில் வேப்பெண்ணெய், வினாகிரி, தேயிலை மர எண்ணெய் என்று உறவினர் சொன்ன எல்லாவற்றையும் பார்த்தேன். அது உண்மையில் பங்கசுதானா என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ரசீது இல்லாமல் ஒரு செலவைக் கணக்கில் ஏற்ற மாட்டேன் என்று வாடிக்கையாளர்களோடு சண்டை பிடிக்கிற நான், என் காலுக்கு மட்டும் ரசீது கேட்கவில்லை.

தடித்து நிறம் மாறிய நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பங்கசு. மிச்சம் வேறு காரணங்கள். இறுக்கமான சப்பாத்தில் வருடக்கணக்காக இடிபட்ட நகமும் உதைபந்து விளையாடியவரின் நகமும் இதே தோற்றத்தில் இருக்கும். எமது வானொலி நண்பர் ஒருவர் இரண்டு வருடம் பங்கசு மருந்து பூசினார். கடைசியில் ஒரு தோல் வைத்தியர் அவருடைய கைவிரல் நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகளைக் கண்டு, இது சொரியாசிஸ் என்றார். பங்கசு மருந்தை ஆயுள் முழுக்கப் பூசினாலும் அது மாறியிராது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்களைப் போன்ற கருமையான தோல் உடையவர்களுக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு இருப்பது பெரும்பாலும் இயல்பானது. ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கரும்பட்டை தோன்றி அகன்றுகொண்டு போனால், அல்லது அந்தக் கருமை அருகிலுள்ள தோலுக்கும் பரவினால், அது மெலனோமா என்ற புற்றுநோயாக இருக்கலாம். அதைப் பங்கசு என்று நினைத்து மருந்து பூசிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த வாரமே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பரிசோதனை மிக எளிது. நகத்தின் ஒரு துண்டை வெட்டி, அடியில் உள்ள தூளையும் சுரண்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் கரைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள், வளர்த்தும் பார்ப்பார்கள். வளர்ப்பு முடிவு வர நான்கு வாரம் வரை செல்லலாம். பங்கசு இருந்தும் "இல்லை" என்று முடிவு வருவதும் உண்டு. எனக்கு முதல் தடவை அப்படித்தான் வந்தது, முதல் நாள் வரை மருந்து பூசிக்கொண்டு போனதால். சில வாரம் பூசாமல் விட்டு மறுபடி கொடுத்தபோது முடிவு சரியாக வந்தது.

மருந்துக் கதைக்கு வருவோம். 1950களின் இறுதியில் கிரிசியோஃபுல்வின் குளிசை வந்தது. கால் நகத்துக்கு அதை ஒரு வருடமும் அதற்கு மேலும் விழுங்கவேண்டியிருந்தது. இப்போது முதல் தெரிவு டெர்பினாஃபின்: 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, கைநகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். ஈரல் நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. அதனால் தொடங்கமுன் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சிலருக்கு நாக்கில் சுவை போய்விடும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். (எனக்குப் போகவில்லை. வீட்டுக் குழம்பைக் குறை சொல்ல அந்தச் சாட்டும் கிடைக்கவில்லை.) மனச்சோர்வுக்கான சில குளிசைகளோடும், மெட்டோப்ரொலோல் போன்ற இருதயக் குளிசைகளோடும் இது முட்டும். மற்றக் குளிசையான இட்ராகொனசோல் இருதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது; கொலஸ்டிரோலுக்கு எடுக்கும் சிம்வாஸ்டட்டினோடும் சேர்க்கக்கூடாது. ஐம்பது வயது தாண்டிய எம்மவர் எத்தனை பேர் ஸ்டட்டின் எடுக்கிறோம்! நீங்கள் எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பூசு மருந்துகள் ஈரலைத் தொடுவதில்லை, ஆனால் பலனும் குறைவு. டெர்பினாஃபின் குளிசையின் அமெரிக்க மருந்துக் குறிப்பில், கால் நகப் பரிசோதனைகளில் நூற்றுக்கு 70 பேருக்குப் பங்கசு இல்லாமல் போனதாகவும், நூற்றுக்கு 38 பேருக்கு நகமும் முழுதாகச் சுத்தமானதாகவும் இருக்கிறது. பூசுகிற சைக்ளோபிரொக்ஸுக்கு 48 வாரம் நாள்தோறும் பூசியும் அந்த முழுச் சுகம் 9 வீதத்தைத் தாண்டவில்லை. 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எஃபினாகொனசோலுக்கு 15 முதல் 18 வீதம். இங்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் அமொரோல்ஃபின், நுனியில் கொஞ்சம் மட்டும் பிடித்த நகத்துக்கு ஏற்றது. என் நகம் போல அடிவரை போனதற்கு அது மட்டும் போதாது. லேசர் சிகிச்சைக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். அமெரிக்க அனுமதியிலேயே "தற்காலிகமாகத் தெளிவான நகத்தைக் கூட்டும்" என்ற அளவுக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்த 70க்கும் 38க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். பங்கசு செத்தாலும் பழுதான நகம் அப்படியே இருக்கும். அது வளர்ந்து வெட்டுப்பட்டுத்தான் போகவேண்டும். கால் நகம் மாதம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர்தான் வளரும். பெருவிரல் நகம் முழுதாக மாற 12 முதல் 18 மாதம் வேண்டும். என் வைத்தியர் நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் இடத்தில் அரத்தால் ஒரு கோடு போட்டுவிட்டார். கோடு முன்னால் நகர, அதற்குப் பின்னால் நல்ல நகம் வந்தால் மருந்து வேலை செய்கிறது. நான் மாதம் முதலாம் திகதி அளந்து கொப்பியில் எழுதினேன். 12 வாரக் குளிசை முடிந்தபோது 4 மில்லிமீற்றர்தான் நல்ல நகம், முன்பக்கம் பழைய கோலம். மனைவி "காசு போச்சு" என்றார். ஆனால் மருந்து நகத்துக்குள் மேலும் பல மாதம் தங்கியிருக்கும். ஏழாம் மாதம் கோடு பாதி வழியைத் தாண்டிவிட்டது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அழகுப் பிரச்சினை இல்லை. என் அண்ணருக்குப் பதினேழு வருடமாகச் சீனி. காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. தடித்த நகம் சப்பாத்துக்குள் அழுத்தி அடியில் புண் ஆக்கியது அவருக்குத் தெரியவில்லை. காலுறையில் இரத்தத்தைக் கண்டது அண்ணி. இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து விரலைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். நகத்தை மறைத்தவர், அதனால் பாத வைத்தியரிடமும் போகாமல் விட்டவர். நீரிழிவு போன்ற நீண்டகால நோய் உள்ளவர்களுக்குக் குடும்ப வைத்தியர் ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதித் தந்தால், பாத வைத்தியர் முதலான துணைச் சேவைகளுக்கு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 5 தடவை வரை மெடிகெயார் பணம் தரும். தடித்த நகத்தை வீட்டில் வெட்டாமல் அவரிடம் விடுங்கள்.

அழைத்த ஒரு நேயர், ஊருக்குப் போனபோது வாங்கி வந்த கிறீமைப் பூசலாமா என்று கேட்டார். இந்தியாவில் விற்கும் பல தோல் கிறீம்களில் பங்கசு மருந்தோடு கடுமையான ஸ்டெரொய்டும் கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், பங்கசு பரவும். டெர்பினாஃபினுக்கு அடங்காத டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்ற தோல் பங்கசு தென்னாசியாவில் பரவியதற்கு இந்தக் கிறீம்களும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன. 2020இல்தான் அதற்கு இந்தப் பெயர் வைத்தார்கள்.

சுகமானவர்களுக்கும் திரும்ப வருவது சாதாரணம். ஆகவே விரல் இடுக்கைத் துடைத்து உலர விடுகிறேன்; சேற்றுப்புண் தலைகாட்டினால் அன்றே கிறீம் பூசுகிறேன்; காலுறையை 60 பாகைச் சுடுநீரில் தோய்க்கிறேன்; ஒரே சப்பாத்தை இரண்டு நாள் தொடர்ந்து போடுவதில்லை. பழைய வேலைச் சப்பாத்து இரண்டையும் மனைவி எனக்குச் சொல்லாமலே குப்பையில் போட்டுவிட்டார். நகவெட்டி எனக்குத் தனி. பதினாறு மாதத்தில் வலது ஓரத்தில் ஒரு அரிசி அளவு மஞ்சள் மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதம் அதில் ஒரு துண்டை வெட்டி மறுபடி ஆய்வுகூடத்துக்கு அனுப்பப் போகிறேன்.