கண்டல் மறையுமுன்

தோட்டத்தில் ஒருவர் அடிபட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான். காயத்தைக் கழுவி, மஞ்சளோ கோப்பித்தூளோ அப்பி, டிஸ்பென்சரியில் இரண்டு பெனடோல் வாங்கிப் போட்டுக்கொண்டு லயத்தில் படுத்துவிடுவார். பின்னேரம் தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து "பேசித் தீர்த்துக்குவோம்" என்பார். மறுநாள் பிரட்டுக்களத்தில் அடித்தவரும் அடிபட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு மூன்று கிழமையில் உடம்பில் ஒரு தடமும் மிஞ்சாது. அடுத்த முறை கை ஓங்கப்படும்போது, முன்னர் ஓங்கப்பட்டதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இராது.

எட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் மலையில் பால் வெட்டும் தங்கச்சி ஒருத்தியுடன் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்குப் போனா பொலிஸ் கேஸாயிருமேக்கா? அப்புறம் வேலைக்குப் போக முடியுமா?" நியாயமான பயம். அதனால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

பொலிஸில் முறைப்பாடு செய்தால் ஒரு படிவம் தருவார்கள். சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் என்று பெயர், ஆஸ்பத்திரிகளில் 'எம்.எல்.ஈ.எப்.' என்பார்கள். காயம் மோசமென்றால் முதலில் ஆஸ்பத்திரிக்கே போகலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் உள்ள பொலிஸ் காவலரணிலேயே அந்தப் படிவம் கிடைக்கும். சிகிச்சைக்கு அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிறகு சட்ட வைத்திய அதிகாரியோ, அவர் இல்லாத இடத்தில் அரசாங்க டொக்டரோ உடம்பைப் பார்த்துப் படிவத்தை நிரப்புவார். இதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 122ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நீதவானின் உத்தரவு இல்லாமல் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் கேட்டால் மறுக்கவும் கூடாது.

டொக்டர் முதலில் "என்ன நடந்தது?" என்று கேட்பார். சொல்வதை எழுதிக்கொள்வார். பயத்தில் "படியில விழுந்துட்டேன்" என்று சொன்னால் அதுவும் எழுத்தாகிவிடும். வழக்கு நீதிமன்றத்துக்கு வர வருடக்கணக்காகலாம். அன்றைக்கு டொக்டருக்கு உங்கள் முகம் நினைவிருக்காது. அன்று எழுதியதை வைத்துத்தான் சாட்சி சொல்வார். முதல் நாள் சொல்லும் வார்த்தைக்கு அவ்வளவு கனம்.

அடுத்து காயம். தலையில் தடியடி பட்டுப் பிளந்த காயம் கத்தியால் வெட்டியது போலவே தெரியும், ஏனென்றால் மண்டையில் தோல் எலும்போடு ஒட்டி இறுகிக் கிடக்கிறது. பார்ப்பவர்கள் "வெட்டிட்டான்" என்று கத்துவார்கள். டொக்டர் காயத்தின் ஓரத்தை விரித்துப் பார்ப்பார். தடியடியென்றால் ஓரம் கசங்கி, கன்றியிருக்கும். காயத்தின் அடியில் மெல்லிய சதை இழைகள் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அறுபடாமல் ஓடும். கவ்வாத்துக் கத்தியோ பால் வெட்டும் கத்தியோ பட்டிருந்தால் ஓரம் சுத்தமாக இருக்கும், இழை ஒன்றும் மிஞ்சாது. முதலாவது கிழிகாயம், இரண்டாவது வெட்டுக்காயம். ஆயுதம் எது என்பதில் யார் பொய் சொல்கிறார் என்று இந்த இழைகள் காட்டிக்கொடுக்கும்.

உருண்டைக் கம்பால் முதுகில் அடித்தால் இரண்டு சிவந்த கோடுகள் சமாந்தரமாக விழும், நடுவில் வெளிறிய இடம் இருக்கும். அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியவருக்கு முன்கையின் சுண்டுவிரல் பக்கத்தில் காயம் இருக்கும். கத்தியைப் பிடித்துத் தடுத்தவருக்கு உள்ளங்கை அறுந்திருக்கும். மேல்கையை இறுக்கிப் பிடித்து இழுத்திருந்தால் விரல் நுனிகள் பதிந்த சிறு வட்டக் கண்டல்கள். கழுத்தை நெரித்தாலோ சில நேரம் வெளியே ஒன்றுமே தெரியாது. குரல் கம்மியிருப்பதும், விழுங்க வலிப்பதும், கண் வெள்ளையில் குண்டூசி முனை அளவு இரத்தப் புள்ளிகளும்தான் அடையாளம். கழுத்தில் கை வைத்திருந்தால் கேட்காமலேயே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கண்டல் உடனே தெரியாது. ஆழத்தில் கசிந்த இரத்தம் தோலுக்கு மேலேறி வர ஓரிரு நாள் ஆகலாம், இடமும் மாறலாம். நெற்றியில் பட்ட அடி மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுக்கும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். முதல் நாள் காட்டியபோது ஒன்றுமில்லை என்று எழுதப்பட்டிருந்தால், தடம் தெரிந்ததும் திரும்பப் போய்க் காட்டுங்கள். நிறத்தைப் பார்த்து நாள் கணக்கிடுவதில் டொக்டர்மாரே அவதானமாக இருப்பார்கள். மஞ்சள் தெரிந்தால் அடி விழுந்து சுமார் 18 மணித்தியாலமாவது ஆகியிருக்கும் என்பார்கள், அதற்கு மேல் நிறத்தை நம்பிச் சொல்ல மாட்டார்கள்.

சம்பள நாள் சண்டை பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டவரிடம் சாராய வாடை அடித்தால் "போதை, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். மண்டை ஓட்டுக்குள் இரத்தம் கசியத் தொடங்கியவர் முதலில் நன்றாகப் பேசக்கூடும், நடக்கக்கூடும். சில மணித்தியாலம் கழித்து வாந்தி, மயக்கம். போதைத் தூக்கத்துக்கும் இந்த மயக்கத்துக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. விடியும்போது இறந்து கிடப்பார். பிறகு திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், பிரேதப் பரிசோதனை நடக்கும், தள்ளுமுள்ளில் தொடங்கியது கொலை வழக்காகும். குடித்திருந்தாலும் தலையில் அடியென்றால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசில்லை.

"சின்னக் காயம்தானே" என்பதற்கும் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி ஒரு பல் முறிந்தாலும் அது கடுங்காயம். முகத்தில் மாறாத தழும்பு விழுந்தாலும், 20 நாள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலும் அப்படியே. அதனால் வேலைக்குப் போக முடியாத நாட்களைத் திகதி போட்டு எழுதி வையுங்கள்.

இங்கே குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தத் தங்கச்சி இன்னொன்று கேட்டாள்: "அடிக்கல, ஆனா கைய வைக்கிறாங்கன்னா?" அதுவும் குற்றம்தான். அதே சட்டக்கோவையின் 1995இல் திருத்தப்பட்ட 345ஆம் பிரிவு, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் வார்த்தையாலோ செயலாலோ செய்யும் பாலியல் தொந்தரவையும் சேர்த்துச் சொல்கிறது. பலாத்காரம் நடந்திருந்தால் குளிக்காமல் போக வேண்டும். உடுப்பைத் துவைக்காமல் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீனில் ஈரம் தேங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும் நாலு நாள் பிந்திவிட்டாலும் போங்கள். உடம்பில் காயம் இல்லை என்பது ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது, இதைச் சட்ட வைத்திய அதிகாரிகள் நன்றாக அறிவார்கள்.

பொலிஸில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம்.

தோட்டத்தில் அடி எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும் என்று நினைக்க வேண்டாம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார்; அது மேலிருந்து வந்த அடி. ஆனால் அடுத்த ஆண்டு புசல்லாவை ஸ்டெலன்பர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டார், அதற்காக இரண்டு தொழிலாளர்கள் தூக்கில் போடப்பட்டார்கள். நம் சப்ரகமுவையிலேயே, கேகாலை மாவட்டத்துத் தெரணியகல நூரி தோட்டத்தின் அத்தியட்சகர் நிஹால் பெரேராவை 2013 ஜூலை 5ஆம் திகதி ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. 2016இல் அவிசாவளை மேல் நீதிமன்றம் பிரதேச சபையின் முன்னாள் தலைவர் உட்பட 18 பேருக்கு மரண தண்டனை விதித்தது. பங்களாவில் இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், விடிகாலை இருட்டில் தனியே மரம் மரமாகப் போகும் பெண்ணின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

கொலை வரை போகும் வன்முறைக்கு முன்னால் பெரும்பாலும் மிரட்டல் இருக்கும், தள்ளல் இருக்கும், ஒரு அறை இருக்கும். மிரட்டுவதும் சட்டப்படி குற்றம். அந்தக் கட்டத்திலேயே பொலிஸ் புத்தகத்தில் ஒரு பதிவு விழுந்தால் மிரட்டியவருக்குத் தன்மேல் கண் இருப்பது தெரியும். தோட்ட நிர்வாகமும் செய்ய வேண்டியவை உண்டு. கொழுந்து நிறுக்கும் தராசு எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்; நிறுவையிலும் அரைப் பேரிலும் (அரை நாள் சம்பளத்திலும்) தொடங்கும் வாய்த்தகராறுகள் ஏராளம். பால் வெட்டப் பெண்களை இரண்டிரண்டு பேராக அனுப்ப வேண்டும். முறைப்பாட்டைக் கேட்பவர், முறைப்பாடு யார்மேலோ அவராகவே இருக்கக் கூடாது. ஜெனீவாவில் 2019இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190ஆம் சமவாயம், வேலைக்குப் போய்வரும் வழியையும் நிறுவனம் தரும் தங்குமிடத்தையும் வேலை உலகமாகவே கணக்கெடுக்கிறது. லயமும் மலையும் ஒரே முதலாளியின் கீழ் இருக்கும் நமக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை கிடையாது.

பொலிஸ் அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவிக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. மூன்றையும் லயத்துச் சுவரில் எழுதி வையுங்கள். தலைவர்மாரிடம் ஒரு வேண்டுகோள்: சமாதானம் பேசுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.