ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம்

எஸ்.டி.பி.எம். கணிதத் தாளுக்கு 90 நிமிடம். மொத்தம் 60 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் என்று கணக்கு. ஆறாம் படிவத்தில் மூன்று தவணை படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்த்திருப்பார்கள்? பாடத்தைக் கரைத்துக் குடித்த பிள்ளைகூட, "தெரிஞ்ச கேள்விதான், எழுத நேரம் பத்தல" என்று முகம் வாடி மண்டபத்தைவிட்டு வெளியே வருகிறது. ஜொகூரில் ஸ்கூடாயிலும் மாசாயிலும் குளுவாங்கிலும் பெற்றோர் அதைக் கேட்டு, "அடுத்த தடவை வேகமா எழுது" என்று மட்டும் சொல்கிறார்கள். கை வேகமாக ஓடாதது இங்கே பெரிய பிரச்சினையே அல்ல.

அந்தத் தாளையே பிரித்துப் பார்ப்போம். முதல் பிரிவில் ஆறு கேள்விகள், 45 மதிப்பெண். இரண்டாம் பிரிவில் இரண்டு கேள்விகளில் ஒன்றை எழுதினால் போதும், 15 மதிப்பெண். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இருபத்திரண்டரை நிமிடம் வேண்டும். ஆனால் முதல் பிரிவில் ஆறு மதிப்பெண் கேள்வி ஒன்று மடங்காமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு உரியது ஒன்பது நிமிடம். கெட்டிக்காரப் பிள்ளை விடுவதில்லை. இருபது நிமிடம் மல்லுக்கட்டுகிறது. கூடுதலாகப் போன பதினோரு நிமிடத்தின் விலை ஏழு மதிப்பெண்ணுக்கு மேல். மல்லுக்கட்டிய கேள்வியோ ஆறு மதிப்பெண்தான். அதுவும் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. சராசரி மாணவர் தெரியாததைத் தாண்டிப் போய்விடுகிறார். பிடிவாதமாகப் படித்த பிள்ளைதான் இங்கே அதிகம் இழக்கிறது. வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், தெரிந்த படிகளை எழுதிவிட்டு, கேள்வி எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இரண்டாம் பிரிவில் எந்தக் கேள்வி என்பதைத் தொடக்கத்திலேயே படித்து முடிவுசெய்வது நல்லது. கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கேள்வியைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் இரண்டுமே கடினமாகத்தான் தெரியும்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது ஏன் புதிதாக இருக்கிறது? 2008-இல் பிறந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆறாம் ஆண்டில் இருந்த 2020-இல் பெருந்தொற்றால் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். ரத்தானது, அடுத்த ஆண்டு அந்தத் தேர்வே அகற்றப்பட்டது. படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வு 2022-இல் போனது. ஆகவே, நாடு தழுவிய தேர்வில் அவர்கள் முதன்முதலாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதியது படிவம் ஐந்தின் எஸ்.பி.எம்.தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் அத்தனை பெரிய சுமை வேண்டாம் என்பதே என் கருத்தும். ஆனால் அந்தத் தேர்வுகள் போனபோது அவற்றோடு வந்த பழக்கமும் போய்விட்டது. அதை ஈடுசெய்யத் தனியாக யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆறாண்டு தமிழ் வழியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறுகிறது. சில பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். எஸ்.பி.எம். கணிதத் தாள் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அச்சாகி வருகிறது. சந்தேகத்தில் இரண்டையும் மாறி மாறிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. முதல் தாளில் 40 கேள்வி, 90 நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் அரை நிமிடம் இப்படிப் போனாலும் இருபது நிமிடம் காணாமல் போகும். எந்த மொழியில் படிப்பது என்பதைப் படிவம் நான்கிலேயே முடிவுசெய்து, பயிற்சி முழுவதையும் அதிலேயே செய்ய வேண்டும். புரியாத சொல்லுக்கு மட்டும் மற்ற மொழியைப் பார்த்தால் போதும்.

பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்விலும் இதே கதைதான். 2021-இல் வந்த புதிய அமைப்பில் வாசிப்புத் தாளுக்கு 75 நிமிடம், 40 கேள்விகள், ஏழு பகுதிகள். கடைசி இரண்டு பகுதிகளில் மட்டும் 14 கேள்விகள். பத்திகளும் அங்கேதான் நீளமானவை. முதல் பகுதிகளில் நிதானமாக உலவிவிட்டு வருபவருக்கு அங்கே மூச்சு முட்டுகிறது. விடை தெரியாத கேள்விகளைப் பற்றி, தமிழ்நாட்டு நீட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) பயிற்சிக் காணொளிகளைப் பார்க்கும் நம் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். அதனால் அங்கே தெரியாததை விட்டுவிடச் சொல்கிறார்கள். மூவெட்டிலும் எஸ்.பி.எம். கொள்குறி வினாக்களிலும் அப்படிக் கழிப்பதில்லை. இங்கே ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடக் கூடாது. விடைகளைக் கேள்வித்தாளில் குறித்துவைத்துக் கடைசியில் ஓ.எம்.ஆர். தாளைக் கருப்பாக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் அந்தப் பகுதியைக் கருப்பாக்கிவிடுவது பாதுகாப்பு.

கைக்கடிகாரத்தையும் மறந்துவிடாதீர்கள். நேரத்தைக் கைப்பேசியில் மட்டுமே பார்த்து வளர்ந்த தலைமுறை இது. தேர்வு மண்டபத்தில் கைப்பேசியும் இல்லை, ஸ்மார்ட் வாட்சும் இல்லை. முள் வைத்த சாதாரணக் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்து, தேர்வுக்கு மாதக்கணக்கில் முன்பே அதைப் பார்த்து எழுதப் பழக்குங்கள். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கேட்க வழி இருக்கிறது. பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

வீட்டில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பது ஜொகூரில் நியாயம். சிங்கப்பூர் வேலைக்காக அதிகாலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பும் தகப்பன்மார் எத்தனை பேர்! முன்பு இங்கே வெள்ளி, சனி விடுமுறை. அக்கரையில் சனி, ஞாயிறு. பிள்ளை வீட்டில் இருந்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு வேலைநாள்; அப்பா வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் பள்ளி. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூருக்கும் சனி, ஞாயிறு விடுமுறை வந்துவிட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் பழைய தேர்வுத்தாளை வையுங்கள். அப்பாவோ அம்மாவோ நேரம் பார்க்கட்டும். "அரை மணி நேரம் இருக்கு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மணியானதும் பேனாவைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். பெற்றோருக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் போனது என்று பிள்ளை தானே குறித்துக்கொண்டால், நான்கைந்து தாளுக்குள் தன் பலவீனம் எங்கே என்று அதற்கே தெரிந்துவிடும்.

தமிழ்ப்பள்ளி மண்டபங்களிலும் கோயில் மண்டபங்களிலும் தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்தும் இயக்கத்தாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருந்தது போதும். அடுத்த கருத்தரங்கில் 90 நிமிடம் ஒதுக்குங்கள். மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒரு முழுத் தாளை எழுதவையுங்கள்.