மாத்திரையும் அனுபானமும்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்ற வைத்தியசாலையை நிறுவி, சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய முறைகளில் தேர்ந்த வைத்தியர்களோடு ஐரோப்பிய வைத்தியம் கற்றவர்களையும் அங்கே ஒருங்கு கூட்டி, நோயாளிகளிடம் கையாண்டு பயன் கண்ட மருந்துகளையெல்லாம் பதிவு செய்து வைக்க ஏற்பாடு செய்தார். அம்முறைகள் தமிழ்ச் செய்யுட்களாக இயற்றப்பெற்று, பிற்காலத்தில் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் சரஸ்வதி மகால் நூல்நிலையத்தாரால் பல தொகுதிகளாக அச்சிடப்பெற்றன. நமது பழைய வைத்திய மரபு மருந்துச் சரக்கின் பெயரையும் எடையையும் சொன்னதோடு நின்றுவிடவில்லை. தேனில் குழைப்பதா, நெய்யில் கொள்வதா, வெந்நீரில் அருந்துவதா, எந்த வேளையில், எந்தப் பத்தியத்தோடு என்பதையும் அது வகுத்தது. மருந்தோடு சேர்த்துக் கொள்ளும் துணைப்பொருளாகிய அனுபானம் தவறினால் ஔஷதம் பலிக்காது என்பது அந்த வைத்தியர்களின் துணிபு.

ஆங்கில மருந்துக்கு அனுபானமும் இல்லை, பத்தியமும் இல்லை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் கிராமத்து வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. மற்றவை கடைத்தெருவில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கின்றன. மருந்து இவ்வளவு சுலபமாகக் கைக்கு வரும் காலத்தில், அதை எதனோடு எப்பொழுது உட்கொள்வது என்ற அறிவும் கூடவே வந்தால்தான் பூரண பிரயோஜனம் உண்டு.

காவிரிக் கரையில் பொழுது காப்பியோடு விடிகிறது. கும்பகோணம் டிகிரி காப்பியின் ருசியைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. எனினும் இரண்டு மாத்திரைகளுக்கு அது உகந்த துணை அன்று. தைராய்டு சுரப்பி மந்தப்பட்டவர்கள் உண்ணும் தைராக்சின் மாத்திரை, வெறும் வயிற்றில் தண்ணீரோடு உட்கொண்டால்தான் குடலிலிருந்து முறையாக ரத்தத்தில் சேரும். காப்பிக்கும் பலகாரத்துக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருத்தல் அவசியம். மாத்திரையை வாயிலிட்டு உடனே டபராவைக் கையில் எடுப்பவர்களுக்கு, மருந்து குறையாமல் சாப்பிட்டும் ரத்தப் பரிசோதனையில் அளவு சீர்ப்படாமல் இருப்பதுண்டு.

மற்றொன்று இரும்புச் சத்து மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு அரசு இலவசமாக வழங்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் அடங்கியுள்ளன. பேறுகாலத்துக்கு முன் 180 நாட்களும் பின் 180 நாட்களும் அதை உண்ண வேண்டுமென்பது விதி. ரத்தத்துக்குச் செந்நிறம் தந்து பிராணவாயுவைத் தாங்கிச் செல்லும் ஹீமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். அதைத் தாங்கும் சிவப்பணுக்கள் குறைவின்றிப் பிறக்கப் போலிக் அமிலம் வேண்டும். பம்பாயில் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவ மாது ஆராய்ந்து, ஈஸ்ட்டின் சாரத்தில் அதைத் தீர்க்கும் பொருள் ஒன்று இருப்பதை 1931-இல் வெளியிட்டார்; சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழு, 1940-களில் அப்பொருளாகிய போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியது. இவ்வளவு சிரமப்பட்டுக் கிடைத்த மாத்திரையைக் காப்பியோடோ தேநீரோடோ விழுங்கினால், அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் குடலிலேயே இரும்பைப் பற்றிக்கொள்ள, அதில் பெரும்பகுதி தேகத்தில் சேராமல் வெளியேறிவிடுகிறது. எலுமிச்சை ரசமும் நெல்லிக்கனியும் இதற்கு நேர்மாறானவை. அவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்பைக் குடல் ஏற்கத்தக்க நிலையில் வைக்கிறது. மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. அது சேராத இரும்பின் நிறமேயன்றி அபாயம் அன்று. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், பழைய அணுக்கள் கழிந்து புதியவை நிறையச் சில மாதங்கள் ஆகும். பத்து நாளில் பலனை எதிர்பார்ப்பது நியாயமன்று.

சேற்றில் குனிந்து நாள் முழுதும் நடவு நட்டவர், மாலையில் இடுப்பு வலிக்காக டைக்குளோபினாக் போன்ற வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போடுவது இப்பக்கத்தில் சகஜம். வலியை உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அந்த மாத்திரை தடுக்கிறது. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் ஆகும். ஆகையால் ஆகாரத்துக்குப் பின்னரே, நிறையத் தண்ணீர் குடித்து, சில நாட்களுக்கு மட்டுமே அதை உட்கொள்வது உத்தமம். வலிக்கும் ஜுரத்துக்கும் வழங்கும் பாராசிட்டமால் வயிற்றுக்குச் சாது; ஈரலுக்கு அவ்வளவு சாது அன்று. ஆரோக்கியமான பெரியவர் எவரும் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் அதை உண்ணலாகாது. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருப்பதால், இரண்டு பெயரில் ஒரே மருந்தை இரட்டிப்பாக உண்ணும் தவறு எளிதில் நேர்கிறது; மதுப்பழக்கம் உடையவருக்கு அந்த அபாயம் இன்னும் மிகுதி.

வயற்காட்டுத் தண்ணீரில் நிற்பவர்களைப் பற்றும் எலிக்காய்ச்சலுக்கு மருத்துவர் எழுதித் தரும் டாக்ஸிசைக்கிளின், அனுபானத்தின் அவசியத்தைப் பிரத்தியட்சமாகக் காட்டுவது. ஒரு மிடறு நீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், அது உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். ஒரு தம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து, அரை மணியாவது நிமிர்ந்திருக்க வேண்டும். கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் நெஞ்செரிச்சல் மருந்தும் அதன் வீரியத்தைக் கட்டிப்போடும். கால்சியம் இரும்பு தேகத்தில் சேர்வதையும் தடுப்பது. மாத்திரைகளை ஒரே பிடியாகப் பிடித்து விழுங்குவோர், அதனால் அவற்றில் சிலவற்றின் பலனை இழக்கிறார்கள்.

இனி, சத்து மாத்திரைகள். டானிக்கும் வைட்டமினும் உண்டால் பலம் வரும் என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. நெல்லின் தேசத்தவர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஜாவாவில் 1890-களில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய வெள்ளரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசியில் அவை தேறுவதையும் கண்டார். பெரிபெரி நோயின் மர்மம் துலங்க அதுவே வழியாயிற்று. தவிட்டில் இருந்தது வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்பொழுது அந்தச் சத்து தவிட்டிலிருந்து மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதால், அரைத்தபின்னும் புழுங்கலரிசியில் அதன் கணிசமான பங்கு தங்குகிறது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதில் ஒரு பகுதி கஞ்சியோடு போய்விடும். பி வகை வைட்டமின்களை மிகுதியாக விழுங்கினால் பெரும்பாலும் சிறுநீரில் கழியும், காசு நஷ்டம். ஏ, டி ஆகியவையோ கழியாமல் தேகத்தில் சேர்ந்து, அளவு மீறினால் நஞ்சாகும். குறை இருப்பதைப் பரிசோதனையில் கண்டவருக்குச் சத்து மாத்திரை மருந்து; குறையில்லாதவருக்கு அது வீண் செலவு.

ஆகவே வாசகர்கள் செய்யத்தக்கது மிக எளிது. மருந்துக் கடையை விட்டு அகலுமுன், இதை ஆகாரத்துக்கு முன்னா பின்னா, எதனோடு சேர்க்கக் கூடாது, எத்தனை நாள் என்று கேட்டு அட்டையின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உண்டுவரும் மாத்திரைகளையும், நாட்டு மருந்தாயினும் சரி, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை. சொல்வது அவர்கள் கடமை, கேட்பது நமது உரிமை.