நாம்பன் களம் காணும் காலம்

இளங்கன்று பயமறியாது என்பர். அதனை வளர்த்தவருக்கோ பயமும் உண்டு, ஆசையும் உண்டு. முள்ளியவளையில் நம் அயலில் வாழும் கமக்காரர் ஒருவர் இன்று அந்நிலையில் இருக்கிறார். அவருடைய இளம் நாம்பன் மாட்டுவண்டிச் சவாரியில் இரண்டே முறை ஓடியுள்ளது. கீழ்ப்பிரிவில் இருமுறையும் வென்றது. இனி உயர்ந்ததாகிய 'ஏ' பிரிவில் பூட்டலாம் என்கின்றனர் நண்பர்கள். அங்கு வென்றால் மாட்டின் விலை ஏறும். கால் பழுதுபட்டால் வளர்த்த பாடெல்லாம் வீணாகும். "என்ன செய்யலாம் மாஸ்டர்?" என்று அவர் நம்மை வினவினார்.

குதிரைப் பந்தய உலகும் இவ்வினாவை நன்கறியும். அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு 'ஜஸ்டிஃபை' என்னும் மூன்று வயதுக் குதிரை, மூன்றே பந்தயங்கள் ஓடிய பழக்கத்துடன் கென்டக்கி டேர்பியில் இறங்கி வென்றது. இரண்டு வயதில் ஓடாத குதிரை அப்பந்தயத்தை வென்றது அதற்குமுன் 1882இல் மட்டுமே. தொடர்ந்து இரு பெரும் பந்தயங்களையும் வென்று அது மும்மகுடம் சூடிற்று. ஆயின் 111 நாட்களுள் ஆறு பந்தயங்கள் ஓடிய அக்குதிரையின் கணுக்கால் வீங்கிற்று; அது மீண்டும் களம் காணவில்லை.

வேகம் முந்தி வரும். எலும்பு பிந்தியே முதிரும். குதிரையின் முன்னங்கால் முழங்காலுக்கு மேலுள்ள வளர்முனை மூட ஏறத்தாழ இரண்டரை வயதாகும். அதுவரை கட்டியே வைத்திருப்பதும் நன்றன்று. படிப்படியான பயிற்சியே எலும்புக்கு உரமூட்டும்; அளவு கடந்த ஓட்டம் அதனை வெடிக்கச் செய்யும்.

ஆகவே, வென்றதா என்பதோடு எவ்வாறு வென்றது என்பதையும் நோக்கல் வேண்டும். எதிர்ச்சோடி நெருங்கியபோது தானே விசை கூட்டியதா, அடிக்கு அஞ்சி ஓடியதா? ஓட்டம் முடிந்தபின் மூச்சு விரைவில் அடங்கியதா? அன்றிரவு தீன் தின்றதா? மறுநாட் காலையில் காலில் சூடோ வீக்கமோ உண்டா? பல் எத்தனை போட்டிருக்கிறது? மாட்டுக்கு மற்றுமொரு சோதனையும் உண்டு. நுகத்தின் மறுபக்கத்தில் முதிர்ந்த மாடு இழுக்க, இளையது கழுத்தைச் சாய்த்துப் பின்தங்குமாயின் அது இன்னும் ஆயத்தமாகவில்லை.

இவற்றைச் சொன்னபோது நண்பர் சிறிது மௌனமாயிருந்தார். பின்னர், இரண்டாம் ஓட்டத்திற்கு மறுநாள் நாம்பன் வைக்கோலைத் தொடவில்லை என்றார். அதுவே விடை என்று நமக்குப் பட்டது. வற்றாப்பளைப் பொங்கல் கழியும்வரை ஓய்வும் மெல்லிய பயிற்சியும். அதன்பின் நடுப்பிரிவில் வலிய சோடியோடு ஓர் ஓட்டம். 'ஏ' பிரிவு அதற்குப் பின்னரே என்று அவர் முடிவு செய்தார்.

பதறாத காரியம் சிதறாது. கெட்டிக்காரப் பிள்ளையை இரண்டு வகுப்புத் தாண்டி ஏற்றிவிடத் துடிக்கும் பெற்றோரைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்த நாம்பன் நினைவுக்கு வருகிறது.