ரூ. 200 கடனும் 30 ஆண்டு நன்றியும்

புது தில்லி: வெளிநாட்டுக் குழுக்கள் இந்தியா வரும்போது அவற்றின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சந்திப்பு, விருந்து, நினைவுப் பரிசு, பிறகு விமான நிலையம். 2019 ஜூலையில் கென்யக் குழுவில் ஒருவராக வந்த அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ரிச்சர்ட் டோங்கிக்கு, இந்த நிரலுக்கு வெளியே ஒரு கடமை பாக்கி இருந்தது. மகாராஷ்டிர மாநிலம் ஔரங்காபாதில் மளிகைக் கடை நடத்திவந்த ஒருவருக்கு அவர் 200 ரூபாய் தர வேண்டியிருந்தது. அந்தக் கடன் ஏற்பட்டு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

மேற்குக் கென்யாவின் கிசி மாவட்டத்தைச் சேர்ந்த நியாரிபாரி சாச்சே தொகுதியை அப்போது பிரதிநிதித்துவப்படுத்திய டோங்கி, 1985 முதல் 1989 வரை ஔரங்காபாதில் (2023-இல் சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றப்பட்டது) மேலாண்மை படித்தவர். கையில் காசில்லாத நாள்களில் வான்கடே நகர்ப் பகுதியில் இருந்த அந்த மளிகைக் கடைக்காரரும் அவரது குடும்பத்தினருமே அவருக்குத் துணை நின்றனர். படிப்பு முடிந்து அவர் தாயகம் திரும்பியபோது 200 ரூபாய் நிலுவையில் நின்றது.

வீட்டுச் சாப்பாடு போதும்: நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்ட பழைய மாணவர், மனைவியுடன் ஔரங்காபாத் சென்று அந்தக் குடும்பத்தைத் தேடிப் பிடித்தார். எழுபது வயதைக் கடந்துவிட்ட கடைக்காரரால் முதலில் தன் கண்களையே நம்ப முடியவில்லை. விருந்தினரை ஹோட்டலுக்கு அழைத்துச் செல்லக் குடும்பத்தினர் விரும்பினர். டோங்கி சம்மதிக்கவில்லை, அவர்களது வீட்டிலேயே சாப்பிட வேண்டும் என்று பிடிவாதமாகக் கூறிவிட்டார். தாம் மிகவும் தாழ்ந்த நிலையில் இருந்தபோது உதவியவர்கள் இவர்கள், என்றாவது திரும்பி வந்து நன்றி சொல்ல வேண்டும் என அப்போதே நினைத்திருந்ததாக அவர் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். கென்யாவுக்கு வருமாறு குடும்பத்தினருக்கு அழைப்பும் விடுத்தார்.

இந்தியாவில் படித்துவிட்டுத் தலைவர்களாகத் திரும்பி வந்தவர்கள் பலர். சிம்லாவில் படித்த ஆப்கானிஸ்தானின் ஹமீத் கர்சாய்க்கு, 2003-இல் ஹிமாசலப் பிரதேசப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. தில்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியின் முன்னாள் மாணவியான மியான்மரின் ஆங் சான் சூகி, 2012 நவம்பரில் அக்கல்லூரிக்கு வந்தார். அந்த வரவேற்புகளுக்கு அரசும் கல்வி நிலையங்களும் ஏற்பாடு செய்தன. ஔரங்காபாத் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவர் கடன்பட்டவரே.

மறுபக்கம்: இந்தச் சந்திப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தில்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் நடந்தது வேறு கதை. 2017 மார்ச்சில் உள்ளூர் மாணவர் ஒருவரது மரணத்தைத் தொடர்ந்து, அங்கு தங்கிப் படித்த நைஜீரிய மாணவர்கள் கும்பல்களால் தாக்கப்பட்டனர். ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள், இது இனவெறி என்றும் போதிய தடுப்பு நடவடிக்கை இல்லை என்றும் கூட்டாக அறிக்கை வெளியிட்டனர். அந்த அறிக்கை குறித்து மக்களவையில் வருத்தம் தெரிவித்த அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், விசாரணை முடியும் முன் தாக்குதலை இனவெறி எனக் கூறுவது சரியல்ல என்றார்.

அவையில் விவாதம் அந்தச் சொல்லைச் சுற்றியே நடந்தது. தாக்கப்பட்ட மாணவர் நாடு திரும்பியபின் இந்தியாவைப் பற்றி என்ன சொல்வார் என்பது எந்த அவைக் குறிப்பிலும் இடம்பெறாது. ஆனால், அவர்களிலும் ஒருவர் நாளை தம் நாட்டு நாடாளுமன்றத்தில் அமரக்கூடும்.

எண்ணிக்கை சொல்வது: மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வின்படி, 2019-20-இல் இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் 49,348 பேர், 2021-22-இல் இது 46,878. மாறாக, வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 2024-இல் 13 லட்சத்துக்கும் அதிகம். வெளிநாட்டு மாணவர்களை ஈர்க்க 2018-இல் 'இந்தியாவில் படியுங்கள்' திட்டம் தொடங்கப்பட்டது. கலாசார உறவுகள் கவுன்சில் உதவித்தொகை வழங்குகிறது. இவை தேவையானவையே. ஆனால், மாணவர் விமானத்திலிருந்து இறங்கியபின் அவருக்கு வீடு தருவதும், மளிகைக் கடையில் பற்று எழுதிக்கொள்வதும், தெருவில் அச்சமின்றி நடக்க விடுவதும் எந்தத் திட்டத்தின் கீழும் வருவதில்லை.

வெளிநாட்டில் படிக்கும் 13 லட்சம் பேரின் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறிமுகமில்லாத ஊரில் யாரோ ஒருவர் தம் பிள்ளையை நம்பி ஒரு வாய்ச் சோறு போட மாட்டாரா என்பதே அவர்களது கவலையும்.

ஔரங்காபாத் கடைக்காரர் நாளைய நாடாளுமன்ற உறுப்பினர் என எண்ணி டோங்கிக்குக் கடன் கொடுக்கவில்லை. எதிரே நின்றவர் கையில் காசில்லாத ஒரு மாணவர், அவ்வளவே. நட்பு நாடுகளைப் பற்றி அவைகளில் பேசுவோர், அந்த 200 ரூபாயையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.