தவணைக் கடன் இல்லாமல் வீட்டுக்குப் புதுப்பொலிவு

‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பது முன்னோர் வாக்கு. மும்பையில் பிழைக்க வந்த தமிழர்களுக்குச் சிறுகக் கட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை. தாராவி, சயான் கோலிவாடா, அண்டாப்ஹில் என்று எங்கே போனாலும் 10க்கு 10 அடி அறை ஒன்றுதான் பலருக்கு வீடு. அந்த 100 சதுர அடிக்குள்தான் அடுப்பு, படுக்கை, துணிமணி எல்லாம். பள்ளிக்கூடப் பிள்ளை படிப்பதும் அங்கேதான்.

ஊரிலிருந்து உறவினர் வருகிறார் என்றதும் இல்லத்தரசிக்குக் கவலை பிறக்கிறது. உட்காரச் சொல்ல உருப்படியான நாற்காலி இல்லை; பீரோவோ துருப்பிடித்து நிற்கிறது. உடனே தவணைக் கடைப் பக்கம் கால் போகிறது. ‘முன்பணம் வேண்டாம், மாதாமாதம் கட்டினால் போதும்’ என்கிறார் கடைக்காரர். கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கி வந்த அலமாரி பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதான். ஜூன் மாதம் மழை பிடித்துச் சுவரில் ஈரம் ஏறினால் அதன் அடிப்பாகம் அப்பளம்போல் உப்பிவிடுகிறது. அலமாரி போய்விடும், தவணை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

இந்தச் சங்கடம் இல்லாமல், பழைய சாமானைக் கொண்டே வீட்டைச் சீராக்க முடியும். அதற்கு ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

பழைய மரம் எங்கே கிடைக்கும்?

மும்பையில் பழைய கட்டடங்கள் நாள்தோறும் இடிபடுகின்றன. அவற்றின் கதவு, ஜன்னல் சட்டங்களில் பல தேக்கு மரத்தால் ஆனவை. இடிப்பு வேலை எடுத்தவர்கள் அவற்றை எடை போட்டோ, துண்டுக் கணக்கிலோ விற்கிறார்கள். பழைய நாற்காலி, மேஜைகளுக்கு ஜோகேஸ்வரி மேற்கில் ஓஷிவாரா பகுதிக் கடைகள் பெயர்பெற்றவை. சோர் பஜாரின் மட்டன் தெருவிலும் கிடைக்கும். ஆனால் அங்கே பழம்பொருள் பிரியர்களும் வருவதால் விலையைக் கூட்டியே சொல்வார்கள். பேரம் பேசத் தயங்கக் கூடாது. சுத்தியல், உளி, திருப்புளி வாங்க நாக்தேவி தெருவுக்குப் போகலாம்.

வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்ய வேண்டும். முதலாவது, நகத்தால் அழுத்திப் பார்ப்பது. நகம் உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது என்று பொருள். இரண்டாவது, சிறு துளைகளைத் தட்டிப் பார்ப்பது. புதிதாக மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரங்களுக்கும் பரவலாம். மூன்றாவது, மூலை இடுக்குகளில் கரும்புள்ளிகள் உண்டா என்று பார்ப்பது. இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் அடையாளம். வேறு கட்டில் கிடைக்கவில்லையென்றால், வாசலிலேயே வைத்து இடுக்குகளில் கொதிக்கும் நீரை ஊற்றி, வெயிலில் காயவிட்டு, பிளவுகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த பிறகே உள்ளே எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. ஒரே அறையில் அடுப்பும் இருக்கிறது அல்லவா?

சரக்குப் பெட்டிப் பலகை: முத்திரை முக்கியம்

துறைமுகச் சரக்கோடு வரும் மரத்தட்டுகளும் பெட்டிப் பலகைகளும் மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றில் அலமாரித் தட்டு, செருப்பு வைக்கும் தாங்கி, சிறு பெஞ்சு எல்லாம் செய்யலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரும் பலகையில் கோதுமைக் கதிர் படத்துடன் ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்புறம்வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அது வீட்டுக்கு வேண்டாம். எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை உள்ள பலகையையும் ஒதுக்கிவிட வேண்டும்.

ஆடும் நாற்காலிக்கு ஆணி மருந்தல்ல

நாற்காலி ஆடத் தொடங்கியதும் ஓர் ஆணியை அடித்துவிடுவது நம் வழக்கம். ஆணி மரத்தைப் பிளந்துவிடும், ஆட்டம் நிற்காது. தச்சர்கள் செய்வது வேறு. தளர்ந்த மூட்டை, துணி சுற்றிய சுத்தியால் மெல்லத் தட்டிப் பிரிக்க வேண்டும். உள்ளே காய்ந்திருக்கும் பழைய பசையைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். புதிய பசை பழைய பசைமேல் ஒட்டாது. பிறகு மரப்பசை தடவிப் பொருத்தி, நான்கு கால்களையும் கயிற்றால் சுற்றிக் கட்டி, கயிற்றில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் மூட்டுகள் இறுகிக்கொள்ளும். 24 மணி நேரம் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. பிரம்பு கிழிந்த நாற்காலிக்கு நைலான் பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் பின்னினால் பல ஆண்டு உழைக்கும்.

குழந்தை உள்ள வீட்டில் எச்சரிக்கை

பழைய பெயிண்டைத் தேய்த்து எடுப்பதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் மிகுதியாகக் கலந்திருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டவிதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி பறக்கும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது, போனது திரும்பாது.

ஆகவே பழைய பெயிண்டைத் தண்ணீர் தொட்டு, தண்ணீர் உப்புத்தாளால் வெளியிலேயே தேய்க்க வேண்டும். முகத்தை நன்றாக மூடிக்கொண்டு, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி நிறுத்த வேண்டும். பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தால் தேய்க்காமல் விட்டு, மேலேயே புதுப் பூச்சு அடித்துவிடுவது இன்னும் உத்தமம்.

அவலரக்கு மெருகு

பெயிண்ட் பூசாத தேக்குக்கு அவலரக்கைப்போல் மலிவான மெருகு வேறில்லை. இங்குள்ள கடைகளில் ‘சப்டா’ என்று கேட்டால் தருவார்கள். மரத்தை முதலில் 80ஆம் எண், பிறகு 120, கடைசியில் 220 உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். ஒரு லிட்டர் மெருகு ஸ்பிரிட்டில் சுமார் 200 கிராம் அவலரக்கை இரவு முழுவதும் ஊறவிட்டு வடிகட்டி, பஞ்சைத் துணியில் பொதிந்து தொட்டு மெல்லியதாகப் பூச வேண்டும். ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று ஐந்தாறு பூச்சு போட்டால் முகம் தெரியும்.

மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு எரியும்போது பாட்டிலைத் திறக்கக் கூடாது. மழைக்காலத்தில் பூசினால் வெண்மை படரும். அக்டோபருக்குப் பின் செய்வதே நல்லது. சூடான பாத்திரம் வைக்கும் மேஜைக்கு அவலரக்கு ஆகாது; அதற்கு வார்னீஷ்தான் ஏற்றது.

துருப்பிடித்த பீரோவைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஒரு முறை யோசிக்க வேண்டும். துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சும், எனாமல் பெயிண்ட் இரண்டு பூச்சும் கொடுத்தால் அது கல்யாணப் பெண்போல் நிற்கும். சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டு அங்குலம் காற்றுக்கு இடம் விட்டால் மறுபடியும் துரு எளிதில் அண்டாது.

டிரங்குப் பெட்டியும் பழைய சேலையும்

வாடகை வீட்டில் 11 மாத ஒப்பந்தம். சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் டிபாசிட்டில் கை வைப்பார். எனவே தரையில் நிற்கும் சாமானும், திருகாணியைக் கழற்றினால் பலகை பலகையாகப் பிரியும் சாமானுமே புத்திசாலித்தனம். டெம்போவில் ஏற்றும்போது உடையாது, மாடிப்படியிலும் இடிக்காது.

ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டிக்குப் பெயிண்ட் அடித்து, மேலே மெத்தை தைத்துப் போட்டால் இருவர் உட்காரும் இருக்கை. உள்ளே குளிர்காலத் துணி. பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் ‘கோதடி’யைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் மெத்தையும் செலவில்லாமல் ஆயிற்று. நைந்துபோகாத சுங்குடிச் சேலை ஒன்று அடுப்படிக்கும் படுக்கைக்கும் நடுவே நல்ல திரைச்சீலை ஆகும். ஆனால் அடுப்பிலிருந்து எட்டியே தொங்க வேண்டும்.

பிள்ளைக்குப் படிக்க இடம் இல்லை என்பதே பல வீடுகளில் பெருங்குறை. இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலத்தில் ஒரு பலகையை எடுத்து, கனமான பழைய அலமாரியின் பக்கவாட்டில் இரண்டு கீல்களால் பொருத்தி, கீழே மடங்கும் கால் ஒன்று வைத்தால் மேஜை தயார். படித்து முடித்ததும் மடித்துவிடலாம். அந்த இடத்தில் பாய் விரித்துக்கொள்ளலாம். ஒரு பலகை, இரண்டு கீல், எட்டுத் திருகாணி – இதற்கு எந்தத் தவணைக் கடையிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.