ஈ காக்கா இல்லாத சிக்னல்

ஆழ்வார்குறிச்சி டீக்கடையில் கல்லூரிப் பையன் ஒருத்தன் கேட்டான்: "நடுராத்திரி, பாளையங்கோட்டையில சிவப்பு விழுந்து கெடக்கு. ரோட்டுல ஈ காக்கா இல்ல. தாண்டிப் போனா குடியா முழுகிரும், அண்ணாச்சி?"

நியாயமான கேள்விதான். அபராதத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடலாம். ஆனால் அவன் கேட்டது அதுவல்ல. தவிர, சிம்ப்சன் குழுமத்தை வளர்த்துச் சென்னை மோட்டார் தொழிலுக்கு வேர் பிடிக்கவைத்த அனந்தராமகிருஷ்ணனின் ஊர் இது. வண்டி விஷயத்தை இங்கே அரைகுறையாகச் சொல்ல முடியாது.

முதலில் சிக்னல் இல்லாத முக்கைப் பாரு, தம்பி. அம்பாசமுத்திரம் – தென்காசி ரோட்டில் கிராமத்துப் பாதை வந்து ஏறுகிற இடங்களில் யாருக்கும் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. ஹாரன் அடிக்கிறோம், கியரைக் குறைக்கிறோம், கழுத்தை நீட்டிப் பார்க்கிறோம். ரெண்டு பேரும் மெதுவாக வருவதால் உரசினாலும் பல நேரம் வாய்ச்சண்டையோடு போய்விடுகிறது. சிக்னல் வைத்த இடத்தில் இந்தப் பயம் இல்லை. இல்லாமல் இருப்பதற்குத்தான் சிக்னலே. பச்சை கிடைத்தவன் எட்டிப் பார்க்க மாட்டான், பிரேக்கில் கால் வைக்க மாட்டான். நீ நிற்பாய் என்று நம்பி முழு வேகத்தில் வருவான். அந்த நேரத்தில் சிவப்பைத் தாண்டினால், சிக்னலே இல்லாத முக்கைவிட அந்த இடம் மோசமாகிவிடுகிறது. ராத்திரியில் கேட்கவே வேண்டாம். ரோட்டில் ஆள் இல்லை என்று நீ நினைக்கும் அதே நேரம், வாழைத்தார் ஏற்றிய லாரிக்காரரும் அதையேதான் நினைத்துக்கொண்டு வருகிறார்.

"மஞ்சள்ல போறது தப்பில்லேல்லா?"

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுவாய். மஞ்சளைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதற்குள் 11 மீட்டர் போச்சு. வழுக்காமல் பிடித்து நிறுத்த இன்னும் 20 மீட்டர் சொச்சம். ஆக 32 மீட்டர். மஞ்சள் மூன்று நொடி எரிந்தால், நிற்காமல் போகிறவன் அதற்குள் 33 மீட்டர் கடந்துவிடுவான். தூரத்தில் இருப்பவன் நிற்கலாம், கிட்டே இருப்பவன் போய்விடலாம். கணக்கு சரியாக இருக்கிறது.

இப்போது 60இல் வா. நிற்க 63 மீட்டர் வேண்டும். மூன்று நொடியில் ஓட முடிவது 50 மீட்டர்தான். இடையில் 13 மீட்டர் இருக்கிறதே, அந்தத் துண்டில் மாட்டினால் நிற்கவும் முடியாது, போகவும் முடியாது. காசிஸ், ஹெர்மன், மாரடுடின் என்ற மூன்று பேர் 1960லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அதனால்தான் வேகமான ரோட்டில் மஞ்சள் கூடுதல் நேரம் எரிய வேண்டும் என்பது. கடைசியில் மாட்டியவன் வெளியேறட்டும் என்று எல்லாப் பக்கமும் ஓரிரு நொடி சிவப்பு வைப்பதும் உண்டு. இந்தச் சலுகை தடுமாறியவனுக்கு. சிவப்பைப் பார்த்த பிறகு ஆக்சிலேட்டரை முறுக்குகிறவனுக்கு இல்லை.

அந்தச் சலுகையையும் நாம் தின்றுவிடுகிறோம். சிவப்புக்குப் பக்கத்தில் எண் குறைந்துகொண்டு வரும் டைமர் உள்ள சிக்னலில் நின்று பார். ஐந்து வரும்போதே உறுமல், மூன்றில் வண்டி கோட்டைத் தாண்டியிருக்கும். அந்தப் பக்கம் ஒருத்தன் கடைசி நொடியில் பாய்கிறான், இந்தப் பக்கம் ஒருத்தன் முதல் நொடிக்கு முன்னாலேயே கிளம்புகிறான். இதில் அரசு பஸ் ஒன்று முன்னால் நின்றால் தீர்ந்தது. பஸ்ஸின் இடப்பக்கம் நுழைந்து நிற்கிற பைக்காரனுக்கு வலப்பக்கம் ஒன்றுமே தெரியாது. டிரைவர் உயரத்தில் இருக்கிறார், குறுக்கே வருகிறவனைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல் நிற்கிறார். 'பச்சை விழுந்தும் தூங்குதாரு' என்று இவன் முந்துகிறான். பச்சை விழுந்தும் பஸ் நகரவில்லை என்றால், அதற்குக் காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்.

குறுக்கே இடிப்பதில் இன்னொன்று. காருக்கு முன்பக்கம் இன்ஜின், பம்பர் என்று நசுங்குவதற்கு இரும்பு இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு கதவின் தடிமன்தான். பைக்கில் அதுவும் இல்லை, உன் கால்தான். 40இல் மோதுவது ஏறக்குறைய இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

இப்படிக் குறுக்கே மோதாமல் இருக்க நம்ம ஊர் ரயில்வே கேட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார். இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில் கதவு மூடிப் பூட்டாமல் ரயிலுக்குப் பச்சை விழாது. கேட் கீப்பர் மறந்தாலும் ரயில் சிக்னலில் நின்றுவிடும். அந்த இணைப்பு இல்லாத கேட்டில்தான் 2025 ஜூலை 8ஆம் தேதி, கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மேல் ரயில் மோதி மூன்று மாணவர்கள் செத்தார்கள். ரோட்டு சிக்னலும் ரயில்வேயிடம் இரவல் வாங்கியதுதான்: 1868இல் லண்டன் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் முதல் சிக்னலை நட்ட ஜே. பி. நைட் ஒரு ரயில்வே அதிகாரி. விளக்கை வாங்கினார்கள், பூட்டை வாங்கவில்லை. ரோட்டில் பூட்டு என்பது உன் வலது கால்தான்.

சட்டம் தன் பங்குக்குச் சொல்லித்தான் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவு, சிவப்பைத் தாண்டுவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கே சிறைகூட உண்டு.

"பின்னால ஆம்புலன்ஸ் வந்து கத்துனா?"

இடப்பக்கம் ஒதுங்கி வழி விடு. கோட்டைக் கொஞ்சம் தாண்ட வேண்டியிருந்தால் தாண்டு. ஆனால் ஆம்புலன்ஸுக்கு வழி விடுகிறேன் என்று நீ ரோட்டைக் குறுக்கே கடக்காதே. சிவப்பைத் தாண்ட அந்த டிரைவருக்கு விதி இடம் கொடுக்கிறது, அதுவும் பார்த்து மெதுவாக. அவருக்குச் சைரன் இருக்கிறது, எதிர்ப்பக்கத்துக்காரன் காதில் விழும். நீ வருவது அவனுக்கு எப்படித் தெரியும்?